முப்பத்தேழாவது ஃப்ரிட்ஜ்

சின்னவனுக்கு வயது நாற்பத்தொன்று. தலையில் பாதி முடி கிளம்பிப் போய்விட்டது, மீதி போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. ஆனாலும் அக்காவுக்குப் பிறகு பிறந்துவிட்ட ஒரே காரணத்துக்காக அவன் இன்னும் சின்னவன்தான். அக்கா அப்படிக் கூப்பிட்டாள், அக்காவைக் கட்டிக்கொண்ட அத்தான் கூப்பிட்டார், அத்தானைப் பார்த்து தெருவே கூப்பிட்டது.

சின்னவன் ஒரு மென்பொருள் நிறுவனம் நடத்தினான். நிறுவனம் என்றதும் கண்ணாடிக் கட்டடத்தையும் வாசலில் சல்யூட் அடிக்கும் காவலாளியையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு செருப்புக் கடைக்கு மேலே இரண்டு அறை, நான்கு பேர், ஒரே ஒரு மென்பொருள். கால்நடை மருத்துவர்களுக்கானது. எந்த நாய்க்கு எந்தத் தேதியில் ஊசி, எந்தப் பூனைக்கு அறுவைச் சிகிச்சைக்கு முதல் நாள் சாப்பாடு போடக்கூடாது என்பதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொண்டு வளர்ப்பவர்களின் போனுக்குச் செய்தி அனுப்பும். நாற்பத்தொரு மருத்துவர்கள் வாங்கியிருந்தார்கள். பெரிய வருமானமில்லை. ஆனால் நான்கு பேருக்கும் சம்பளம் தேதி தவறியதில்லை, அவன் மென்பொருளால் எந்த நாய்க்கும் ஊசி தவறியதில்லை.

அவனிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. குடியில்லை, சீட்டாட்டமில்லை. எதை விற்றாலும் பில் போடுவான். போடுவதோடு நிற்காமல் அதில் உள்ளது உள்ளபடி எழுதுவான்.

ஒரு சமயம் அக்கா வீட்டு ஃப்ரிட்ஜ் உயிரை விட்டது. நிறுவனத்தில் நால்வரும் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டிருந்த பழைய ஃப்ரிட்ஜை எடுத்துக்கொள் என்றான் சின்னவன். அத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் முப்பது வருடம் விற்பனை வரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது வரி ஆலோசகராக இருப்பவர். பில் இல்லாத பொருளைத் தொட்டால் அவருக்குக் கை அரிக்கும்.

"ஓசியில வாங்கினா நாளைக்கு நீயே சொல்லிக் காட்டுவே. ஏதோ ஒரு விலை போட்டு, பில் எழுதிக் குடு" என்றார்.

சின்னவன் எழுதினான்: 'பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று. வெளிர்நீலம். கதவின் கைப்பிடி உடைந்ததால் அலமாரியின் பித்தளைக் கைப்பிடி பொருத்தியது. இரண்டு திருகாணிகளில் ஒன்று மட்டும் கறுப்பு. தண்ணீர் நன்றாகக் குளிரும். அக்காவுக்கு.'

நிறுவனத்தின் கணக்கு அம்மா அதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இதையெல்லாம் ஏன் சார் கணக்குல ஏத்தணும்? கூடப் பொறந்தவங்களுக்குக் குடுத்தது. கிழிச்சுப் போட்டுடுங்க."

"வேண்டாம்மா. நடந்ததை எழுதி வச்சுட்டா அப்புறம் எதுக்கும் பயப்பட வேண்டியதில்ல" என்றான் சின்னவன்.

மென்பொருளைத் தவிர அவன் வாழ்க்கையில் கண்டுபிடித்தது இந்த ஒன்றுதான். அதிலும் பிழை இருந்தது பின்னால்தான் தெரிந்தது.

பில் போட்டு ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து விற்பனை வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. 'நம்பத்தகுந்த தகவலின் பேரில், தங்கள் நிறுவனத்தின் கடந்த முப்பத்தாறு மாத விற்பனை தணிக்கைக்குத் தேர்வாகியுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று இருந்தது. பரிசு விழுந்தவனுக்கு எழுதுவதுபோல எழுதியிருந்தார்கள். சின்னவன் செருப்பைக்கூட மாட்டவில்லை. அத்தானிடம் ஓடினான்.

அத்தான் கடிதத்தை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு மடித்தார். "நான் எதுக்கு இருக்கேன்? உன் சார்புல நான் கையெழுத்துப் போடலாம்னு அஞ்சு வருஷம் முன்னாடியே எழுதிக் குடுத்திருக்கே இல்ல? அது போதும். நீ வாயைத் திறக்காம என் பக்கத்துல உட்கார்ந்திரு."

சின்னவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பா இறந்தபோது வீட்டுக் காகிதங்களையெல்லாம் பார்த்து முடித்துக் கொடுத்தவர் அத்தான். அவன் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது முன்னால் நடந்தவர் அத்தான். அவர் பக்கத்தில் உட்காரச் சொன்னால் உட்கார வேண்டியதுதானே.

அலுவலக வாசலில் 'நாங்கள் நேர்மையாளர்களின் நண்பர்கள்' என்று பெரிய பலகை இருந்தது. அதன் கீழே சிறிய எழுத்தில் 'நண்பர்கள் டோக்கன் எடுத்துக்கொண்டு அமரவும்' என்று போட்டிருந்தார்கள். நண்பர்கள் ஐம்பது அறுபது பேர் மடியில் கோப்போடு அமர்ந்திருந்தார்கள். சுவரில் ஒரு கரும்பலகை. 'திறந்த கோப்புகள்: 600'.

மூன்றாம் மாடி, பதினேழாம் அறை. தணிக்கை அதிகாரி மெல்லிய குரல்காரர். கோபமே வராது போலிருந்தது. பக்கத்தில் கால்குலேட்டரோடு ஒரு உதவியாளர். ஜன்னலோரம் ஒரு ஃப்ரிட்ஜ், பூப்போட்ட துணி உறையால் தலையிலிருந்து முழங்கால் வரை போர்த்தப்பட்டு, மேலே பிளாஸ்டிக் செடியோடு நின்றது. உதவியாளர் உறைக்குள் கையை விட்டுக் கதவைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்தார்.

"முதல்ல குளிர்ந்த தண்ணி குடிங்க. இங்க வர்றவங்களுக்கு நாக்கு வறண்டு போயிடுது, ஏன்னு தெரியல" என்றார் அதிகாரி. சின்னவன் குடித்தான். நல்ல மனுஷர் என்று நினைத்துக்கொண்டான்.

"இப்ப சொல்லுங்க. நீங்க விக்கிற பொருள் எங்க இருக்கு?"

"அது பொருள் இல்ல சார், மென்பொருள். கம்ப்யூட்டர்ல இருக்கு."

"ஒருத்தருக்கு வித்த பிறகு?"

"அப்பவும் இருக்கும் சார். அவருக்கு ஒரு நகல் போகும்."

அதிகாரி உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் எழுதிக்கொண்டார்.

"அதாவது, வித்த பிறகும் பொருள் உங்ககிட்டயே இருக்கு. அதையே அடுத்தவருக்கு வித்திருக்கீங்க. இப்படி நாப்பத்தொரு பேருக்கு ஒரே பொருளை வித்திருக்கீங்க. ஒரே வீட்டை நாப்பத்தொரு பேருக்கு வித்தா என்ன தண்டனை தெரியுமா?"

"சார், இது வீடு இல்ல."

"வீடா இருந்தா நல்லா இருந்திருக்கும். வீடு புரியும்" என்று வருத்தப்பட்டார் அதிகாரி. "நாங்க திறந்த மனசோடதான் இருக்கோம். அடுத்த வாரம் நேரில் வந்து பார்க்கிறோம்."

வெளியே வரும்போது, கரும்பலகையில் அறுநூறு என்று போட்டிருக்கிறதே, உள்ளே போகும்போதும் இதே அறுநூறுதானே என்று சின்னவன் சும்மா கேட்டுவைத்தான். உதவியாளர் விளக்கினார். "எப்பவும் அறுநூறுதான் சார். குறைஞ்சா எங்கள்ல ரெண்டு பேருக்கு வேலை போயிடும். கூடினா எங்களுக்கு வேலை கூடிடும். அதனால ஒண்ணை மூடணும்னா ஒண்ணைத் திறக்கணும்."

நல்ல ஒழுங்கு என்றார் அத்தான். அவர் காலத்தில் வந்த ஏற்பாடாம் அது.

மறுவாரம் அவர்கள் செருப்புக் கடை மாடிக்கு வந்தபோது கையில் ஒரு தராசும் வந்தது. சரக்கின் எடையைப் பதிவு செய்யாமல் சரக்கைப் பார்த்ததாக எழுத முடியாது என்பது விதி. ஒரு மடிக்கணினியைத் தராசில் வைத்தார்கள். ஒரு கிலோ எழுநூறு கிராம். மென்பொருளை அதிலிருந்து நீக்கச் சொன்னார்கள். நிறுவனத்தின் இளம் புரோகிராமர் பல்லைக் கடித்துக்கொண்டு நீக்கினாள். மறுபடி நிறுத்தார்கள். ஒரு கிலோ எழுநூறு கிராம். தராசைத் தட்டி, துடைத்து, சுவரோரம் நகர்த்தி வைத்து நிறுத்தார்கள். அதே எடைதான்.

அதிகாரி நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். "இருந்தாலும் அதே எடை, இல்லாட்டியும் அதே எடை. நாப்பத்தொரு டாக்டருங்க படிச்சவங்கதானே, எப்படி ஏமாந்தாங்க?"

"சார், அது வேலை செய்யுது. நீங்க வேணா ஒரு டாக்டரைக் கேளுங்க" என்றான் சின்னவன்.

"நாய்க்கு ஊசி போட்டது உண்மையா இருக்கலாம். அதை ஞாபகப்படுத்தினது நீங்கதான்னு நாய் சொல்லுமா?"

சின்னவன் திரும்பிப் பார்த்தான். அத்தான் பக்கத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தார். எதற்கு ஆட்டுகிறார், யாருக்கு ஆட்டுகிறார் என்று தெரியவில்லை.

முப்பத்தாறு மாத பில்லையும் பார்க்க அலுவலகத்துக்கு நேரமில்லை. அதற்கு மாதிரி மாதம் என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். ஒரே ஒரு மாதத்தைக் குலுக்கி எடுத்து, அதில் என்ன தப்பு இருக்கிறதோ அதை முப்பத்தாறால் பெருக்கிவிடுவார்கள். ஒரு மாதத்தில் எப்படியோ அப்படித்தானே எல்லா மாதமும் என்பது கணக்கு. இதற்குச் சம்மதம் என்று வணிகர் எழுதிக் கொடுக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் முப்பத்தாறு மாதமும் பார்ப்பார்கள், பார்த்து முடியும்வரை கடையைப் பூட்டி வைப்பார்கள்.

"கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்துப் போடு" என்றார் அத்தான். சின்னவன் அப்படியே போட்டான்.

பதினேழாம் அறையில் குலுக்கல் நடந்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். உதவியாளர் ஒரு தகர டப்பாவைத் திறந்தார். உள்ளே முப்பத்தாறு சீட்டுகள். சீட்டை எடுப்பது வணிகரின் பிரதிநிதி, அப்போதுதான் அலுவலகம் பாரபட்சமாக நடந்தது என்று நாளைக்கு யாரும் சொல்ல முடியாது. அத்தான் முழங்கை வரை டப்பாவுக்குள் விட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, வெகுநேரம் துழாவினார். எடுத்த சீட்டு நாலாக மடித்திருந்தது. டப்பாவில் எட்டிப் பார்த்த மற்றச் சீட்டுகள் இரண்டாக மடித்திருந்தன. சின்னவன் அதைப் பார்த்தான். பார்த்ததோடு சரி.

ஃப்ரிட்ஜ் விற்ற மாதம்தான் வந்தது.

அதிகாரி பில்களைப் புரட்டிக்கொண்டே வந்தார். மென்பொருள், மென்பொருள், மென்பொருள். முகம் சோர்ந்துகொண்டே போனது. பிறகு ஒரு பில்லில் விரல் நின்றது. வெயிலில் நடந்து வந்தவர் மரத்தைக் கண்டமாதிரி அவர் முகம் மலர்ந்தது.

"குளிர்சாதனப் பெட்டி" என்றார். இரண்டாவது முறை இன்னும் மெதுவாகச் சொன்னார். "குளிர்சாதனப் பெட்டி. நிறம் இருக்கு, கதவு இருக்கு, கைப்பிடி இருக்கு. சார், இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே. இவ்வளவு நாள் நாங்க எவ்வளவு கஷ்டப்பட்டோம்."

"அது ஆபீஸ்ல இருந்த பழைய ஃப்ரிட்ஜ் சார். எங்க அக்காவுக்குக் குடுத்தது. ஒண்ணே ஒண்ணுதான்."

"மாசத்துக்கு ஒண்ணுதான்" என்று திருத்தினார் அதிகாரி. உதவியாளர் கால்குலேட்டரைத் தட்டினார். முப்பத்தாறு குளிர்சாதனப் பெட்டிகள். வரியில்லாமல் விற்றவை.

சின்னவன் அத்தானைப் பார்த்தான். "நீ சம்மதிச்சு எழுதிக் குடுத்துட்டியே, இப்ப என்ன பண்றது?" என்றார் அத்தான்.

அதிகாரி ஆறுதலாகப் பேசினார். "நாங்க யாரையும் நசுக்க வரல. உங்களை ஒரு தெளிவான தொழிலுக்குக் கொண்டு வர்றோம். முப்பது நாள் டைம் தர்றோம். மீதி முப்பத்தஞ்சு பெட்டியும் இல்லைன்னு நிரூபிங்க. இல்லைன்னா மென்பொருள் பதிவை ரத்து பண்ணிட்டு குளிர்சாதனப் பெட்டி வணிகம்னு மாத்திடுவோம். அதுக்கப்புறம் மென்பொருள் வித்தா அது போலி வணிகம்."

பதிவு போனால் மருத்துவர்கள் சந்தா கட்ட முடியாது. சந்தா நின்றால் செருப்புக் கடை மாடி காலி. நான்கு பேரும் தெருவில்.

இல்லாத ஃப்ரிட்ஜ்களை இல்லை என்று எப்படி நிரூபிப்பது? சின்னவன் முதலில் தன் இரண்டு அறைகளின் அளவை எழுதிக் கொடுத்தான். இந்த இடத்தில் பன்னிரண்டு ஃப்ரிட்ஜ்தான் நிற்கும் என்றான். 'சரக்கு தேங்காமல் உடனுக்குடன் விற்றிருக்கிறீர்கள்' என்று பாராட்டிப் பதில் வந்தது. வாங்கியவர்கள் யாருமே இல்லையே என்று எழுதினான். 'வாங்கியவர்களின் பெயரை மறைப்பதாகத் தெரிகிறது' என்று வந்தது. மூன்றாவது வாரம் குளிர்சாதனப் பெட்டி வியாபாரிகள் சங்கத்திலிருந்து இருவர் வந்து, இத்தனை நாள் சேராமல் இருந்ததற்கு அபராதத்தோடு சந்தா கேட்டார்கள். செருப்புக் கடைக்காரர் தன் பங்குக்கு, தெரிந்தவனுக்குச் சொல்லாமல் விற்றாயே, எனக்கு ஒன்று மலிவாகப் பார்த்துக் கொடுத்திருக்கக் கூடாதா என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தார்.

கணக்கு அம்மாதான் வழி சொன்னார். "விற்ற அந்த ஒரு ஃப்ரிட்ஜைக் கொண்டு போய் முன்னாடி வைங்க சார். பித்தளைக் கைப்பிடி, கறுப்பு திருகாணி, எல்லாம் பில்லுல இருக்கு. இது வீட்டுச் சாமான், வியாபாரச் சாமான் இல்லைன்னு கண்ணு இருக்கிறவனுக்குப் புரியும்."

அத்தான் இல்லாத நேரமாகப் பார்த்து, இல்லை, அப்படிப் பார்க்கவில்லை, தற்செயலாக அத்தான் இல்லாத நேரத்தில் சின்னவன் அக்கா வீட்டுக்குப் போனான். சமையலறையில் ஃப்ரிட்ஜ் நின்ற இடத்தில் தரையில் நாலு துருக்கறைதான் இருந்தது. ஒரு அகலச் சட்டியில் தண்ணீர் ஊற்றி அதற்குள் பால் பாத்திரத்தை வைத்திருந்தாள் அக்கா.

"ரிப்பேருக்குப் போயிருக்குடா. எட்டு மாசமாச்சு. பார்ட்ஸ் கிடைக்கலையாம். அவர்தான் வண்டி வச்சு எடுத்துட்டுப் போனார்" என்றாள்.

"எங்க குடுத்திருக்காங்க?"

"கேட்டா எரிஞ்சு விழறார். தம்பி குடுத்ததுங்க, பத்திரமா வாங்கிட்டு வாங்கன்னு தினம் சொல்றேன். உனக்கு எதுக்குடா இப்ப அது?"

சின்னவன் விஷயத்தைச் சொல்லவில்லை. அக்காவுக்கு ரத்த அழுத்தம். அவளுக்கு ஒரு பால் பாக்கெட் வாங்கிக் கொடுத்துவிட்டு, அதுவும் சாயங்காலத்துக்குள் திரிந்துவிடுமே என்று நினைத்துக்கொண்டே வந்தான்.

முப்பதாம் நாள் கடைசி விசாரணை. அத்தான் வெள்ளைச் சட்டை போட்டு முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தார். அதிகாரி வழக்கம்போல, "முதல்ல தண்ணி" என்றார். உதவியாளர் எழுந்து ஜன்னலோரம் போனார்.

அன்றைக்குத் துணி உறை துவைக்கப் போயிருந்தது.

வெளிர்நீல ஃப்ரிட்ஜ். கதவில் பித்தளைக் கைப்பிடி. இரண்டு திருகாணி. ஒன்று கறுப்பு.

அந்தக் கறுப்புத் திருகாணியை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேடி, கிடைக்காமல், கடைசியில் பழைய மின்விசிறியிலிருந்து கழற்றிப் பொருத்தியவன் சின்னவன். அதை அவன் ஆயிரம் ஃப்ரிட்ஜுக்கு நடுவிலும் கண்டுபிடிப்பான். உதவியாளர் நீட்டிய தம்ளரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து நின்றான்.

"சார், இது என் ஃப்ரிட்ஜ். அக்காவுக்கு வித்தது இதுதான். பில்லை எடுத்துப் பாருங்க. நீங்களே பாருங்க."

அறையில் ஃப்ரிட்ஜ் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அத்தான் கூரையில் எதையோ தேடினார்.

அதிகாரி கொஞ்சமும் பதறவில்லை. இழுப்பறையிலிருந்து நன்கொடைப் பதிவேட்டை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி, வாசித்தார். "குளிர்சாதனப் பெட்டி ஒன்று, அலுவலகப் பயன்பாட்டுக்கு நன்கொடை. கொடுத்தவர், உங்க நிறுவனம். நிறுவனத்துக்காகக் கையெழுத்து, உங்க பிரதிநிதி." பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். அத்தானின் கையெழுத்து. ஐந்து வருடத்துக்கு முன் அவன் எழுதிக் கொடுத்த அதிகாரக் கடிதமும் பக்கத்தில் ஒட்டியிருந்தது.

"ஓய்வு பெற்ற ஊழியர்கிட்ட நாங்க நன்கொடை வாங்கக் கூடாது, அது லஞ்சம். வணிகர்கிட்ட வாங்கலாம், அது நல்லெண்ணம். எங்க அலுவலகம் ரொம்ப சுத்தம்" என்றார் அதிகாரி. "உங்க அத்தான் ஆலோசனைத் தொழிலுக்குக் கணக்கே காட்டல. அவர் கோப்பு திறந்திருந்துச்சு. மூடணும்னா இன்னொண்ணு திறக்கணுமே. அந்தச் சமயத்துல இந்த நன்கொடை வந்துச்சு. மென்பொருள் விக்கிறவர் எப்படிங்க குளிர்சாதனப் பெட்டி நன்கொடை குடுப்பார்? அங்கதான் எங்களுக்குச் சந்தேகம் வந்துச்சு. நம்பத்தகுந்த தகவல்னு எழுதினோமே, அது இதுதான். திறந்த கோப்புல ஒண்ணும் இல்லைன்னா மூடின கோப்பு திரும்பத் திறந்துக்கும். அதனால நல்ல மாசமா பார்த்து எடுத்துக் குடுத்தார். பழைய ஊழியர் இல்லையா, முறை தெரிஞ்சவர்."

நாலாக மடித்த சீட்டு இப்போது சின்னவன் கண்முன் வந்து நின்றது.

"அப்ப ஒத்துக்கிறீங்களா சார், இருக்கிறது ஒரே ஒரு ஃப்ரிட்ஜ்தான்னு?" அவன் குரல் அவனுக்கே வேறு யாருடைய குரலோ போலக் கேட்டது.

"எப்படி ஒத்துக்கிறது? அக்காவுக்கு வித்ததுக்கு பில் இருக்கு. எங்களுக்குக் குடுத்ததுக்குப் பதிவேடு இருக்கு. ரெண்டு காகிதம்னா ரெண்டு பெட்டி." அதிகாரி உதவியாளர் பக்கம் திரும்பினார். "அப்ப இது முப்பத்தேழாவது. எழுதிக்கோங்க."

உதவியாளர் எழுதிக்கொண்டார்.

பிறகு அதிகாரி ஒரு படிவத்தை மேசைமேல் நகர்த்தினார். அவர் குரலில் உண்மையான பரிவு இருந்தது, அதுதான் கொடுமை. "மனசு கஷ்டப்படாதீங்க. உங்க கோப்பையும் மூடிடலாம். கீழே ஒரே ஒரு பேர் எழுதுங்க. நாப்பத்தொரு டாக்டர் இருக்காங்களே. பில் இல்லாம யாராவது ஒருத்தர் ஒரு நாய்க் கழுத்துப் பட்டையாவது வித்திருக்க மாட்டாங்களா? மீதியை நாங்க பெருக்கிக்குவோம்."

பேனாவையும் அவரே திறந்து கொடுத்தார். சின்னவன் படிவத்தைப் பார்த்தான். பெயர் எழுத ஒரு கோடு. உறவுமுறை எழுத ஒரு கோடு. இதே மாதிரி ஒரு படிவத்தில், இதே கோட்டின்மேல், அத்தான் தன் சுத்தமான கையெழுத்தில் மைத்துனன் என்று எழுதியிருப்பார். எழுதும்போது கை நடுங்கியதா, இல்லை மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிறதே என்று நினைத்தாரா? அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் போல அவனுக்கு ஒரு வெறி வந்தது. கேட்கவில்லை. பேனாவை மூடி, எழுதாத படிவத்தின் மேல் வைத்தான்.

கையிலிருந்த தம்ளர் வியர்த்திருந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டதால் குடித்தான். தண்ணீர் நன்றாகவே குளிர்ந்திருந்தது.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் அத்தான் மூச்சு வாங்கப் பின்னால் வந்து தோளைத் தொட்டார். மன்னித்துவிடு என்று சொல்வார் என்று சின்னவன் நின்றான். சொன்னால் மன்னித்துவிடக்கூட அவன் தயாராக இருந்தான், அவ்வளவு நாள் பழக்கம்.

"அக்காகிட்ட சொல்லிடாதே" என்றார் அத்தான். "அவளுக்கு பிரஷர்."

சின்னவன் தோளிலிருந்து அவர் கையை எடுத்துவிட்டான். "நான் எதுவும் பேசல அத்தான்" என்றான்.

மாதக் கடைசியில் நிறுவனம் மூடப்பட்டது. புரோகிராமர் பெண் தன் மேசையைத் துடைத்துவிட்டுப் போனாள், கணக்கு அம்மா முப்பத்தாறு மாத பில்லையும் நூல் கட்டி அவன் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார். மறுவாரம் ஒரு மருத்துவர் போன் செய்தார். ஞாபகச் செய்தி போகாததால் ஒரு கிழட்டு நாய்க்கு ஊசித் தேதி தவறிவிட்டது என்றார். அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை. சின்னவன் போனை வைத்துவிட்டு, யாருமில்லாத இரண்டு அறைக்கு நடுவில் உட்கார்ந்து அழுதான். முப்பத்தேழு ஃப்ரிட்ஜ் விற்ற வியாபாரி அழுவதைப் பார்க்க அங்கே யாரும் இல்லை.

வணிகப் பதிவு புதிதாக வந்தது. 'குளிர்சாதனப் பெட்டி விற்பனை'. அந்தப் பதிவில் அவன் செய்த முதலும் கடைசியுமான வியாபாரம் ஒன்றுதான். இருந்த நான்கு மடிக்கணினிகளை விற்று, வியாபாரிகளுக்கான மொத்த விலையில் ஒரு புது ஃப்ரிட்ஜ் எடுத்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனான்.

அத்தான் கூடத்தில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். வண்டிக்காரர் ஃப்ரிட்ஜைத் துருக்கறைகளின் மேல் சரியாக நிறுத்தி வைத்தார். அக்கா பால் பாத்திரத்தைச் சட்டியிலிருந்து எடுத்து, அடியைத் துடைத்து, உள்ளே வைத்தாள்.

"என்னடா இது, புதுசெல்லாம் வாங்கிக்கிட்டு? பழசு ரிப்பேர் ஆகி வந்துடும்னு அவர் சொல்லிட்டே இருக்காரே. சரி, எவ்வளவு ஆச்சு? அவர்கிட்ட வாங்கித் தர்றேன்."

"விலை வேண்டாம்க்கா. ஆனா பில் இருக்கு. பில் இல்லாம நான் எதையும் குடுக்கிறதில்ல, உனக்குத் தெரியும்" என்று காகிதத்தை நீட்டினான். அத்தானின் செய்தித்தாள் அசையவில்லை.

அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து நின்று படித்தாள்.

'புது ஃப்ரிட்ஜ் ஒன்று. வெள்ளை. கைப்பிடி உடையவில்லை. வரி கட்டியது. அக்காவுக்கு. பழையது ரிப்பேரில் இல்லை. விற்பனை வரி அலுவலகம், மூன்றாம் மாடி, பதினேழாம் அறை, ஜன்னலோரம் இருக்கிறது. கொண்டுபோய்க் கொடுத்தவர் அத்தான். என் பெயரில் கொடுத்தார். அதனால் என் நிறுவனம் மூடப்பட்டது. தண்ணீர் இன்னும் நன்றாகக் குளிர்கிறது.'

அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு பில்லை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, தம்பியின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். வீட்டில் ஒரு புது மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது.

கூடத்திலிருந்து அத்தான் தொண்டையைச் செருமினார். "தண்ணி இருந்தா கொஞ்சம் குடேன்" என்றார்.

அக்கா ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"மூணாவது மாடியில இருக்கு. போய்க் குடிச்சுட்டு வாங்க."